மோதிய பிறகு முன்சக்கரம்: பட்டறையா, அலைன்மென்ட் கடையா, கம்பெனி சர்வீஸா?

போன ஐப்பசி மழையில் வில்லுக்குறிப் பக்கம் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது, என் காரின் இடது முன்சக்கரம் ஓடையின் சிமெண்டுக் கட்டையில் மோதியது. பம்பரில் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுத்தது, ஸ்டீயரிங்கும் கோணலாக நின்றது.

முதலில் சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் ஸ்டீயரிங் நேரானது. ஒன்றரை மாதத்தில் இடது டயரின் வெளி ஓரம் மட்டும் மொட்டையானது. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, மட்டும்தான் திருகி மாற்ற முடியும். கேம்பருக்கு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு, திருகு கிடையாது. வளைந்த பாகத்தை அப்படியே விட்டு ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகினால் ஸ்டீயரிங் நேராகும், சக்கரம் சாய்ந்தே ஓடும்.

அப்புறம்தான் பட்டறை. மேஸ்திரி ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார்: அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு, அதாவது அதன் முனை இணைப்பு. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயின்ட். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு குச்சியைக் காட்டி ரிம் பெண்டையும் பார்த்தார். டயரின் உள்பக்கத்தில் புடைப்பு இருக்கிறதா என்று கையால் தடவினார். எதிலும் குறை இல்லை. "தம்பி, ஆட்டம் இருந்தா கைக்குத் தெரியும். வளைவு மிஷினுக்குத்தான் தெரியும். எதையும் திருகாம, இருக்கிற அளவை மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அந்த ஒரு சொல்தான் வழி காட்டியது. வேறொரு கடையில் அளவை மட்டும் எடுத்தோம். வலது கேம்பர் மைனஸ் 0.4 டிகிரி, இடது பிளஸ் 1.3. மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது, பிளஸ் என்றால் வெளியே. எஸ்.ஏ.ஐ., அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, இரண்டு பக்கமும் ஒன்றே. அச்சு நேராக இருந்து சக்கரம் மட்டும் சாய்ந்தால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) அல்லது நக்கிள் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பாகம்) வளைந்திருக்கும். அச்சும் சேர்ந்து சாய்ந்திருந்தால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அது பொருந்தும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், இல்லை பாடியைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு ஸ்ட்ரட்தான். மாற்றிய பிறகு இழுவை நின்றது.

கம்பெனி சர்வீஸில் விசாரித்தபோது ஸ்ட்ரட், நக்கிள், லோயர் ஆர்ம் மூன்றையும் மாற்றச் சொன்னார்கள். அளவு எடுக்காமல் எழுதிய அந்தப் பட்டியலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஏர்பேக் விரிந்திருந்தாலோ கிராஸ் மெம்பர் அடிவாங்கியிருந்தாலோ யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும். இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் எதையும் கழற்றும் முன் படம் எடுத்து, தகவல் சொல்லிவிடுங்கள். சாதாரண பாலிசியில் டயருக்குப் பாதி விலைதான் கிடைக்கும், அதுவும் வண்டியும் சேர்ந்து சேதமாகியிருந்தால்தான். சின்னச் செலவுக்கு கிளெய்ம் போட்டால் கிளெய்ம் போடாதவர்களுக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

சரி செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கணவாய்க் காற்று நல்ல வண்டியையே ஒதுக்கித் தள்ளும். பொதுவாகச் சாலையும் இடது ஓரத்துக்குச் சரிந்தே இருக்கும், அதனால் லேசான இடது இழுவை குறையாகாது. ஆளில்லாத சமதளச் சாலையில் காலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.