இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்: கான்ட்ராஸ்டை எந்தக் கட்டத்தில் கூட்டுவது?

எச்பி5 பிளஸ் என்ற கருப்பு-வெள்ளை ஃபிலிமில் முதல் ரோல் எடுத்தவர்கள் படம் சப்பென்று இருப்பதாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பல ரோல் ஓட்டியபின் அதற்காகவே இதை விடமுடியாமல் போகிறது. கருப்பை பிரிண்ட் போடும்போது ஏற்றிக்கொள்ளலாம். நெகட்டிவில் விழாத நிழல் விவரத்தை எந்தத் தாளாலும் தரமுடியாது.

ஆகவே எக்ஸ்போஷரில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே இருட்டும் வெளியே வெயிலுமாக இருக்கும் கோயில் மண்டபத்தில், செதுக்கல் தெரியவேண்டிய இருண்ட தூணை மட்டும் ஒளிமீட்டரால் அளந்து, அதிலிருந்து 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்து எடுங்கள். மீட்டர் சொன்னபடியே எடுத்தால் தூண் நடுச்சாம்பலாகி, மண்டபத்தின் இருட்டே காணாமல் போகும்.

ஃபிலிமைக் கழுவ ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவை (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரியில் 13 நிமிடம். நம்மூர் வெயில்காலக் குழாய்த் தண்ணீரில் அந்தச் சூடு கிடைக்காது. ஐஸ் வைத்து 24 டிகிரிக்கு இறக்கினால் சுமார் 9 நிமிடம் போதும். சூட்டைப் பார்க்காமல் 13 நிமிடமும் ஓட்டினால் வெள்ளை வேட்டி நெகட்டிவில் கட்டிதட்டிவிடும். பிரிண்டில் மடிப்பே இருக்காது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமான இதை 1600-க்குப் புஷ் செய்வதிலும் (குறைந்த வெளிச்சத்தில் எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஓட்டுவது) இதே கதைதான்: வெளிச்சப் பகுதி ஏறும், நிழல் ஏறாது. கச்சேரி மேடைக்குச் சரி, மற்றபடி தேவையில்லை.

ஃபில்டர்களில் மஞ்சள் எப்போதும் லென்சிலேயே இருக்கலாம். 1 ஸ்டாப்தான் செலவு. சிவப்பு 25-க்கு 3 ஸ்டாப். நீல வானத்தைக் கருமையாக்கும், ஆனால் நிழலுக்கு வெளிச்சம் அந்த வானத்திலிருந்துதானே வருகிறது? அதனால் நிழலும் சேர்ந்து அடைபடும், முகத்தில் உதடு வெளுக்கும். வெள்ளை மேகம் மூடிய வானத்தில் அதனால் பயனே இல்லை. கேமராவின் உள்மீட்டர் சிவப்பில் ஏமாறக்கூடும். ஃபில்டர் இல்லாமல் அளந்து 3 ஸ்டாப் கூட்டுவதே நம்பகம்.

படத்தின் மனநிலையைத் தீர்மானிப்பது மல்டிகிரேடு தாள், அதாவது ஃபில்டரை மாற்றிக் கான்ட்ராஸ்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிரிண்ட் தாள். முதலில் மிகக் குறைந்த கான்ட்ராஸ்ட் தரும் 00 ஃபில்டரில் வெளிச்சப் பகுதிக்கான நேரத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் மிக அதிகக் கான்ட்ராஸ்ட் தரும் 5-ஆம் ஃபில்டரில் கருப்பைப் படிப்படியாக ஏற்றுங்கள். மழைநாள் தெருவுக்கு 5-இன் நேரம் குறைவாகவும், உச்சிவெயில் சந்துக்கு அதிகமாகவும் வேண்டியிருக்கும். ஈரத்தில் பளிச்சென்று தெரியும் வெள்ளை உலர்ந்ததும் சற்று மங்கும், பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளில் இன்னும் கொஞ்சம். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (நேரத்தைச் சோதிக்கும் தாள் துண்டு) உலர்த்திப் பார்க்காமல் 00 நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.