வெளிநாட்டில் நர்ஸ் வேலை: எந்த நாடு எங்கே காக்க வைக்கிறது?

வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தைத்தான். அதைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டிய ஒன்று உண்டு: காத்திருப்பு எப்போது வருகிறது? கிளம்புவதற்கு முன்பா, போய் இறங்கிய பிறகா? அமெரிக்கா விசா வரிசையில் காக்க வைக்கிறது. ஜெர்மனி மொழி வகுப்பில். கனடா லைசென்ஸ் கிடைக்கும் வரை. வளைகுடா நாடுகள் உடனே கூப்பிட்டுக்கொள்ளும், ஆனால் அங்கேயே குடியேறிவிட முடியாது. இருபத்தைந்து வயதில் தனியாக இருப்பவருக்கு மூன்று வருடக் காத்திருப்பு பெரிய இழப்பில்லை. நாற்பதை நெருங்குபவருக்கும், பத்தாவது படிக்கும் பிள்ளை இருப்பவருக்கும் அதே மூன்று வருடம் முடிவையே மாற்றிவிடும். அதனால் நாடுகளை இந்தக் கணக்கில் வைத்தே பார்ப்போம்.

பிரிட்டனையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பிரிட்டனில் பாதித் தேர்வு இங்கே, பாதித் தேர்வு அங்கே. அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலான என்எம்சி, ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 கேட்கிறது, எழுத்தில் 6.5 போதும். மருத்துவத் துறையினருக்கான இன்னொரு ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினால் அந்த மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். அப்புறம் சிபிடி என்னும் கணினித் தேர்வு. அதை இருக்கும் நாட்டிலேயே எழுதிவிடலாம். வேலை, விசா, பயணம் எல்லாம் முடிந்து அங்கே போன பிறகு ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு, மொத்தம் பத்து ஸ்டேஷன், அதாவது பத்துச் சிறு செய்முறைச் சுற்று. வேலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முதல் முறை எழுதிவிட வேண்டும். பாஸாகிப் பதிவு எண் வரும் வரை பதிவு பெற்ற நர்ஸுக்கான பேண்ட் 5 சம்பளம் வராது, அதற்குக் கீழ்ப் படியில்தான் வைத்திருப்பார்கள். வேலைக்கு எடுக்கும் அரசு மருத்துவமனைகள் பயிற்சியும் தருகின்றன, தேர்வுக் கட்டணம், விமான டிக்கெட் போன்றவற்றையும் பெரும்பாலும் ஏற்கின்றன. குடும்பத்தைக் கூட்டிப் போகலாம்.

இதில் ஒரு குறுக்கு வழி பலரை ஏமாற்றியது. நர்ஸ் பதிவுக்குக் காத்திருக்காமல், முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் கேர் வொர்க்கர் விசாவில் போய்விட்டு, அங்கிருந்தே நர்ஸாகிவிடலாம் என்று நிறையப் பேருக்கு யோசனை சொல்லப்பட்டது. 2024 மார்ச்சில் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவது தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றது. இன்றும் யாராவது அந்த வழியைக் காட்டினால் நம்ப வேண்டாம். நர்ஸ் விசாவின் நிலைமையும் முன்போல இல்லை. மருத்துவமனைகள் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐந்து ஆண்டில் கிடைத்துவந்த நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் பொதுவான காலத்தைப் பத்து ஆண்டாக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாதம் அறிவித்தது. யாருக்கு எத்தனை ஆண்டு என்பதை விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்; போன வருடம் போனவர் சொல்வதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். கஷ்டம் முழுவதும் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடும். ஏதாவது ஒரு மாநில நர்ஸிங் போர்டின் அனுமதியோடு என்கிளெக்ஸ் என்னும் நர்ஸ் லைசென்ஸ் தேர்வை எழுத வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நாம் பதில் சொல்லச் சொல்ல கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தத் தேர்வை அமெரிக்காவுக்கு வெளியேயும் எழுதலாம். கூடவே படிப்பையும் லைசென்ஸையும் ஆங்கிலத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்று வேண்டும். நர்ஸ் வேலை அங்கே ‘ஷெட்யூல் ஏ’ என்னும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று மருத்துவமனை நிரூபிக்க வேண்டியதில்லை. நேராக இபி-3 என்னும் வேலைவாய்ப்புப் பிரிவில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கையில் கிரீன் கார்டோடு இறங்குகிறோம். கணவனோ மனைவியோ, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோ அனைவருக்கும் அதே உரிமை. இவ்வளவு உறுதியான நிலையில் இறங்கக்கூடிய நாடுகள் குறைவு.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. வேலைவாய்ப்புக் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. பார்ப்பது பிறந்த நாட்டைத்தான், பாஸ்போர்ட்டை அல்ல. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-3 வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் நீளமானது. இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் ‘மற்ற நாடுகள்’ என்ற வரிசையில் வருவார். அங்கே காத்திருப்பு மிகவும் குறைவு. இன்னொரு விதி பலருக்கும் தெரிவதில்லை: வாழ்க்கைத்துணை வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டு வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். இந்தியாவில் பிறந்த நர்ஸ், துபாயில் பிறந்த கணவர் என்றால் பத்து ஆண்டு என்பது இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கக்கூடும். விண்ணப்பத்தின் முதல் நாளிலேயே வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. என் கருத்தைக் கேட்டால், வரிசை நீளமான நாட்டில் பிறந்தவர் அமெரிக்காவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, வேறொரு நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது நல்லது. வரிசையில் நம் இடம் எங்கும் போகாது.

பிரிட்டன் என்று தொடங்குபவர்களிடம் அயர்லாந்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். வெளியே அதிகம் பேசப்படாத நாடு, ஆனால் விதிகள் நர்ஸ்களுக்குச் சாதகம். அந்நாட்டுக் கவுன்சில் ஆவணங்களைப் பார்த்து ஒரு முடிவுக் கடிதம் அனுப்பும். அதன்படி டப்ளினில் உள்ள ஆர்சிஎஸ்ஐ கல்லூரி நடத்தும் தகுதித் தேர்வை எழுதலாம், இல்லையென்றால் ஒரு மருத்துவமனையில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மேற்பார்வையில் வேலை பார்க்கலாம். நர்ஸ் வேலை கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் என்னும் வேலை அனுமதிக்கான பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெர்மிட்டில் இரண்டு ஆண்டு முடித்தால் ஸ்டாம்ப் 4 என்னும் வசிப்பு அனுமதி கேட்கலாம். கிடைத்துவிட்டால் ஒரே முதலாளியைச் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் முடிந்தது. துணைவர் தனி பெர்மிட் இல்லாமலே வேலைக்குப் போகலாம். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை, ஒரே சம்பளத்தில் வெளிநாட்டில் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆவணப் பரிசீலனை மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

ஜெர்மனிக்கு ஆங்கிலத் தேர்வே தேவையில்லை. கேட்பது ஜெர்மன் மொழி. நர்ஸாக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை (ஆறு படிகளில் நான்காவது) வேண்டும். பூஜ்யத்திலிருந்து தொடங்கி அங்கே போய்ச் சேர ஓராண்டு முழுநேரப் படிப்பாவது ஆகும், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அதைவிடக் கூடும். அங்கீகாரத்தை வழங்குவது மத்திய அரசு அல்ல, 16 மாநிலங்களும் தனித்தனியாக. நம் பாடத்திட்டத்தையும் அவர்களுடையதையும் ஒப்பிட்டு, எதெல்லாம் குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குறையை ஒரு தேர்வின் மூலமோ, சில மாத இணைப்புப் பயிற்சியின் மூலமோ நிரப்ப வேண்டும். அதுவரை உதவியாளர் சம்பளம்.

ஆனால் ஜெர்மனிக்குப் போனவர்களை உலுக்குவது மொழியைவிட வேலையின் தன்மைதான். அங்கே நர்ஸிங் என்பது பெரும்பாலும் மூன்றாண்டுத் தொழிற்கல்வி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் பதிவு பெற்ற நர்ஸின் அன்றாட வேலை. ரத்தம் எடுப்பது, ஐவி போடுவது போன்றவற்றைப் பல மருத்துவமனைகளில் டாக்டர்கள் செய்கிறார்கள். நான்கு வருடம் பட்டப்படிப்பு படித்து ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்தவருக்கு இது பதவி இறக்கம் போலத் தோன்றும். நோயாளியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மட்டமான வேலை இல்லை என்பதே என் உறுதியான எண்ணம்; படுக்கைப்புண் வருவதை முதலில் கண்டுபிடிப்பவர் குளிப்பாட்டுகிறவர்தான். இருந்தாலும் இதை ஏஜென்சிகள் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது நியாயமில்லை. தெரிந்து போகிறவர் தாக்குப்பிடிக்கிறார், தெரியாமல் போகிறவர் ஆறாவது மாதத்தில் திரும்பி வர நினைக்கிறார்.

மொழியைத் தாண்டிவிட்டால் ஜெர்மனி தாராளமாகவே நடத்துகிறது. திறன்பணியாளருக்கு மூன்று ஆண்டில் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கும் வழி இருக்கிறது. 2024 ஜூனில் இருந்து ஐந்து ஆண்டில் குடியுரிமை கேட்கலாம். ஜெர்மன் அரசு அமைப்புகளே நடத்தும் ‘டிரிப்பிள் வின்’ திட்டம் சில நாடுகளில் ஆள் எடுக்கிறது. அதில் நர்ஸிடம் ஏஜென்சிக் கட்டணம் வாங்குவதில்லை. 45 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போகிறவருக்கு மட்டும் சம்பளமோ ஓய்வூதியச் சேமிப்போ குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

வயது ஆஸ்திரேலியாவில் இன்னும் கறாரானது. புள்ளிகள் அடிப்படையிலான பிஆர் விசாக்களுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். நேராகப் போக விரும்புபவர்களில் பலர் என்கிளெக்ஸ் எழுதிவிட்டு, அடிலெய்டில் நடக்கும் ஆஸ்கிக்குச் சொந்தச் செலவில் விசிட் விசாவில் போய் வருகிறார்கள். 2025 ஏப்ரலில் ஒரு புதிய வழி திறந்தது: பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்பெயின், கனடாவின் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய இடங்களில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்கள் இந்தத் தேர்வுகளைத் தவிர்த்து வேகமாகப் பதிவு பெறலாம். 1,800 மணி என்பது கிட்டத்தட்ட ஒரு வருட முழுநேர வேலை. ஆக, அயர்லாந்தில் வேலை பார்க்கும் காலம் ஆஸ்திரேலியாவுக்கான தயாரிப்பாகவும் ஆகிவிடுகிறது. வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று 2015-இல் சட்டமே போட்ட மாநிலம் விக்டோரியா. அமெரிக்காவில் கலிபோர்னியா 2004-இலிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: சாதாரண வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐசியூவில் இரண்டு பேருக்கு ஒருவர். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் இப்படிச் சட்டம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது முதுகுக்கும் மனதுக்கும் நல்லது.

நியூசிலாந்து நர்ஸ்களுக்கு நேரடியாக வசிப்புரிமை தரும் பட்டியல் வைத்திருக்கிறது. தேர்வின் எழுத்துப் பகுதியை வெளியிலிருந்தே எழுதலாம், செய்முறை கிறைஸ்ட்சர்ச்சில். ஆனால் அங்கே புதியவர்களுக்கு முதல் வேலை கிடைப்பது இப்போது கடினமாகிவிட்டது. வேலைக் கடிதம் இல்லாமல் கடன் வாங்கித் தேர்வுக்குக் கிளம்ப வேண்டாம்.

கனடா பிஆரை முதலில் கொடுத்து, லைசென்ஸைப் பிறகு கொடுக்கும். 2023 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் பிஆர் தேர்வு முறையில் சுகாதாரப் பணியாளருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போய்ச் சேர்ந்தாலும் பதிவு மாகாணத்தின் கையில். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2023-இல் இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா உள்ளிட்ட ஏழு நாட்டு நர்ஸ்களுக்கு வழியைச் சுருக்கியது. அதனால் பெரிய நகரம் என்ற ஒரே காரணத்துக்காக மாகாணத்தைத் தேர்ந்தெடுக்காமல், பதிவு எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். என்கிளெக்ஸை முன்பே முடித்துவிட்டுப் போகிறவர்கள், பதிவுக்குக் காத்துக்கொண்டு உதவியாளராக வருடக்கணக்கில் வேலை பார்க்கும் நிலையைத் தவிர்க்க முடியும்.

வளைகுடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் போன்ற ஒரு கணினித் தேர்வு, இரண்டு வருட அனுபவம் இருந்தால் சில மாதங்களில் கிளம்பலாம். வருமான வரி இல்லை, தங்குமிடம் பெரும்பாலும் மருத்துவமனை தரும். வேலை போனால் விசாவும் போகும். கடனை அடைக்க, அனுபவம் சேர்க்க, அங்கிருந்தபடியே என்கிளெக்ஸ் படிக்க நல்ல இடம். ஓய்வுபெறும் வரை இருந்துவிடலாம் என்று திட்டமிட ஏற்ற இடமில்லை.

எந்த நாடானாலும் பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனை பற்றிய பக்கத்தைத்தான் மெதுவாகப் படிக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், மாதம் போகப் போக அந்தத் தொகை குறையுமா, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா? பிரிட்டனின் ஆள்சேர்ப்பு விதித்தொகுப்பு, நர்ஸிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. திருப்பிச் செலுத்தும் தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில், விலகினால் 25,000 டாலர் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்று நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அது அவர்கள் வருடக்கணக்கில் போராடிப் பெற்ற தீர்ப்பு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ஏஜென்சியிடம் அதற்கு மேல் பேச வேண்டியதே இல்லை. ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்து, வீட்டில் வைத்து இரண்டு நாள் படிக்க அவகாசம் தராதவர்களிடமும் கையெழுத்துப் போடாதீர்கள்.