ஃபெனிடாயினா, லெவெடிரசெட்டமா? ஒரு செவிலியரின் ஒப்பீடு

வலிப்புக்கு நரம்பில் ஏற்றும் இந்த இரண்டு மருந்துகளில், நம் கண்ணும் கையும் அதிகம் தேவைப்படுவது ஃபெனிடாயினுக்குத்தான். அதை நார்மல் சலைனில் (உப்பு நீரில்) மட்டுமே கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை நீரில்) கலந்தால் மருந்து திரிந்து படியும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரத்த அழுத்தம் சரியும், இதயத்துடிப்பு தடுமாறும். இசிஜி மானிட்டரை விட்டு நகராதீர்கள். ஊசி போட்ட கையையும் அடிக்கடி பாருங்கள். வீங்கி ஊதா நிறமானால் உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடிக்கலாம், அதனால் பல் துலக்குவதைப் பற்றியும் பேச வேண்டும்.

லெவெடிரசெட்டம் இவ்வளவு படுத்தாது. இரண்டு திரவங்களிலும் கலக்கலாம், வழக்கமாக 15 நிமிடத்தில் ஏற்றிவிடலாம், பிற மருந்துகளோடு மோதலும் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். என் கை முதலில் நாடுவது இதைத்தான். ஆனால் இதன் சிக்கல் மானிட்டரில் தெரியாது. “எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்” என்று நோயாளியின் மனைவி சொன்னால், அதைக் குணம் என்று ஒதுக்காதீர்கள். மருந்தாக இருக்கலாம், குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எதையும் நோயாளி தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு திரும்பி வரலாம்.