ஏற்காட்டுப் பந்தலுக்கு எந்தக் கொடி: குளிர்தாங்கும் கிவியா, திராட்சையா, தாட்பூட் பழமா (பேஷன் ஃப்ரூட்)?

தோல் வழவழப்பான சிறிய கிவி வகை மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும் என்று நர்சரிக்காரர்கள் விளம்பரம் செய்வதைக் கண்டு, ஏற்காட்டு மார்கழிக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கொடி கிடையாது என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்த எண் பொய்யன்று. ஆனால் அது இலையுதிர்ந்து உறங்கும் முதிர்ந்த தண்டுக்கு மட்டுமே உரியது. அந்தக் கொடியின் தாயகமான ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் வசந்தம் பிறந்து தளிர் விட்ட பிறகு, ஒரே இரவு மைனஸ் 2 டிகிரிக்கு இறங்கினாலும் போதும்: விரல் நீளத் தளிர், வெயில் ஏறியதும் வெந்நீரில் முக்கியெடுத்த கீரைபோலத் துவண்டு கறுத்துவிடும். பூக்கள் அந்தப் புதுத்தளிரின் இலைக்கணுக்களில்தான் வர வேண்டும் என்பதால், கொடி பிழைத்தாலும் அவ்வாண்டுக் காய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

திராட்சை இதில் சற்றுக் கெட்டி. அதன் ஒவ்வொரு கண்ணிலும் முதன்மை மொட்டுக்குத் துணை மொட்டுகள் இருப்பதால், முதல் தளிர் கருகினாலும் அடுத்தது எழுந்து குறைவாகவேனும் கொத்து விடும். உறைபனி நாட்டில் தோட்டம் போடுபவருக்கு நான் திராட்சையையே சொல்வேன்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், உறைபனியைத் தாங்காத காப்பி 19ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே விளைந்துவருகிறது என்பதே இங்கே உறைபனி விழுவதில்லை என்பதற்குப் போதிய சான்று. (ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே, அதை இதனுடன் சேர்க்கக் கூடாது.) ஆகவே இங்கே கிவிக்குப் பகை குளிரன்று, குளிர் போதாமை: உறக்கம் கலைந்து ஒழுங்காகத் துளிர்க்க, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் அதற்கு வேண்டும். போதாததற்கு ஆண்கொடி, பெண்கொடி இரண்டுக்கும் பந்தலில் இடம் ஒதுக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கவாத்தே (கிளைகளை வெட்டிவிடுவதே) துளிர்க்க வைக்கிறது என்பதால் அதற்குக் குளிர் தேவையில்லை. எனினும் மலைமேல் மூடுபனியும் மழையும் இலையை உலரவிடாமல் இலையின் அடிப்புறத்தில் வெண்ணிறமாகப் படரும் அடிச்சாம்பல் நோயை வளர்க்கும்.

உறைபனி விழுந்தால் மூன்றில் முதலில் கருகக்கூடிய தாட்பூட் பழக்கொடிதான், உறைபனி இல்லாத இம்மலையில் என் தேர்வு. அதற்கு உறக்கமும் தேவையில்லை. ஊதா வகை மலைக்கும், மஞ்சள் வகை வெப்பமான சமவெளிக்கும் ஏற்றவை என்பதால், சேலத்தில் நாற்று வாங்குபவர் அது எந்த வகை என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். காய் புதுக்கிளைகளில்தான் பிடிக்கும். அறுவடை முடிந்ததும் கவாத்துச் செய்ய வேண்டும்.