‘டைட்டானியம்’ 5-இன்-1 ஸ்பூன் விளம்பரம் வந்தால் உஷாராக இருங்கள்

மலையேறப் போகிறவர்களும், ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு உபயோகமாக ஏதாவது வாங்கித் தரலாம் என்று நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பூன், ஃபோர்க், கத்தி, பாட்டில் ஓப்பனர், டின் ஓப்பனர் ஐந்தும் ஒரே பொருளில். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். ‘100% டைட்டானியம், ஆயுசுக்கும் துருப்பிடிக்காது, உலகின் முதல் ஐந்து-இன்-ஒன்.’ கோடு போட்டு அடித்த விலை 2,999, இன்றைக்கு மட்டும் 899. டெலிவரிக்குத் தனியாக 99. என் கைக்கு வந்தது டைட்டானியம் என்கிற அந்த லேசான உலோகம் இல்லை. உருப்படியான எவர்சில்வர்கூட இல்லை.

கை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். உத்தராகண்டில் கேதார்காந்தா பனிமலை ஏறப் போயிருந்தோம். அங்கே டப்பா, ஸ்பூன், மக் எல்லாம் அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். பனியில் கையுறையைக் கழற்றி பருப்புச்சோறு பிசைந்து சாப்பிட்டு, அப்புறம் அந்தத் தண்ணீரில் கை கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொருளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தலைதான். குழிவான ஸ்பூன், அதன் நுனியில் நான்கு பல் வெட்டி ஃபோர்க் ஆக்கியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் ரம்பம் மாதிரி சின்னச் சின்ன வெட்டுகள், அதுதான் கத்தி. கைப்பிடி நடுவில் மடியும். விரித்த பிறகு ஒரு வளையத்தை மூட்டின் மேல் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் முகாமிலேயே, சூடான பருப்பை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் வளையம் நழுவி ஸ்பூன் மடங்கியது. பருப்பு முழுக்க கையுறை மேல். அதற்குப் பிறகு மூட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். சூப் கேட்கவே வேண்டாம், பல் இடுக்கு வழியாகப் பாதி கிண்ணத்துக்கே திரும்பிவிடும்.

இதைவிட மோசம் அந்த ரம்ப ஓரம். வாய்க்குள் போகிற பக்கத்திலேயே கூர் வைத்திருக்கிறார்கள். கூட வந்த நண்பர் இடதுகைக்காரர். என்னுடையதை வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டார், உதட்டோரம் கீறி ரத்தம் வந்துவிட்டது.

‘உலகின் முதல்’ என்பதும் கதைதான். ஸ்பூன், ஃபோர்க், கத்தி மூன்றையும் ஒன்றாக்கி சாமுவேல் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர் 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1940-களில் சிட்னியில் வில்லியம் மெக்ஆர்தர் என்பவர் ‘ஸ்ப்ளேட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். விருந்துகளில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கையால் சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்தது. அதிலும் வெட்டும் ஓரம் உண்டு. ஆனால் மெத்தென்ற உணவை அழுத்தி நறுக்கும் அளவுக்கு மழுங்கலாகத்தான் இருக்கும், உதட்டைக் கிழிக்காது. எண்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் யோசித்ததை இவர்கள் யோசிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஆபீஸ் டிபன் பையில் போட்டு வைத்தேன். எலுமிச்சை சாதமும் புளிக்குழம்பும் பட்டதும் சாயம் வெளுத்தது. மூட்டில் இருக்கும் ஆணியைச் சுற்றிப் பழுப்பு வளையம். பல்லின் நுனியில் முலாம் செதிலாகக் கிளம்பி, அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. டைட்டானியம் புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாது, துருவும் பிடிக்காது.

சந்தேகம் வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். டப்பென்று ஒட்டியது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, அதனால் ஒட்டினால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக டைட்டானியம் என்று நம்பிவிடாதீர்கள். அலுமினியத்திலும் ஒட்டாது, 304 ரகம் என்று சொல்கிற நல்ல எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது. அடுத்த சோதனைக்கு சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் பொருளைச் சாதாரணமாக எடை போடுங்கள். என்னுடையது 62 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிக்கொண்டு, பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு. எனக்கு 8 காட்டியது. 62-ஐ 8-ஆல் வகுத்தால் அடர்த்தி 7.75, அசல் இரும்புக் கணக்கு. டைட்டானியத்துக்கு 4.5-தான் வர வேண்டும், அதாவது தராசு 14-ஐ ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். வீட்டுத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினாலும் இவ்வளவு தூரம் தவறாது.

வீடியோ எடுத்து விற்றவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். “சார், மேக்னட் டெஸ்ட்டெல்லாம் யூடியூப்காரங்க கிளப்பிவிடுறது” என்றார். தராசு வீடியோவை அனுப்பினேன். ஒரு நாள் கழித்து, “டைட்டானியம்ங்கிறது கலர் பேரு சார், டைட்டானியம் ஃபினிஷ்” என்று பதில். விளம்பரத்தில் 100% என்று போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும், வாயில் வைத்த பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டார். நூறு சதவீதம் கலர் என்றால் என்ன என்று கேட்கக்கூட விடவில்லை.

இதே பொருள் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையிலும் 4.4 ஸ்டாரோடு இருக்கிறது. அந்த விமர்சனங்களைப் பழைய தேதிக்குப் போய்ப் படியுங்கள். “கார் டேஷ்போர்டுல ஒட்டினேன், குண்டுகுழி ரோட்டுலகூட ஆடல” என்று ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். ஸ்பூனை எதற்கு டேஷ்போர்டில் ஒட்டினார்? முன்பு மொபைல் ஸ்டாண்ட் விற்ற பக்கத்தில் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஸ்டார் அப்படியே இருக்கிறது. இது ஸ்பூனுக்கு மட்டும் நடக்கிற வேலை இல்லை, எதை வாங்கினாலும் பழைய விமர்சனங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பணத்தை எப்படித் திரும்ப வாங்கினேன் என்றால், 1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை விற்றவரிடம் அனுப்பிப் பதில் கேட்பார்கள். அந்தப் புகாரில் 2020-ம் வருட மின்வணிக விதிகளைக் குறிப்பிடுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. விற்பவருடைய குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. வந்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையதில் தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி எதுவுமே அச்சிடவில்லை. அதையும் படம் எடுத்துச் சேர்த்தேன். 899 திரும்பி வந்தது. டெலிவரிக்குக் கொடுத்த 99 வரவில்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக எனக்குப் பொறுமை இல்லை. அதிக விலை கொடுத்து ஏமாந்தவர்கள் போகலாம். வாங்கி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது.

இப்படி ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மூட்டு, வளையம் எதுவும் இல்லாமல் ஒரே தகட்டில் செய்த ஸ்போர்க் (ஸ்பூனும் ஃபோர்க்கும் சேர்ந்தது) வாங்குங்கள். நிஜ டைட்டானியத்தில் அது பெரும்பாலும் 20 கிராமைத் தாண்டாது. முலாம் உரிந்த பழையது வீட்டில் இருந்தால் சாப்பிட எடுக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் கத்தி ஓரம் உள்ள எதையும் கைப்பையில் வைக்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.