வேலூர் லாங் பஜார் டைலர் பாய் கடை: 5க்கு 4, அந்த 1 ஏன் குறைச்சேன்னு உள்ள இருக்கு

பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுல விக்டோரியா ராணி நாடகம், என் பொண்ணுக்கு கடைக்குட்டி இளவரசி பியட்ரிஸ் வேஷம். அப்பா ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14ல செத்துப்போனப்ப அந்தப் புள்ளைக்கு 4 வயசுதான், அதனால துக்க டிரெஸ் வேணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. வாடகை டிரெஸ் கடைல பாரதியார் இருக்கு, ஜான்சி ராணி இருக்கு, தக்காளி கூட இருக்கு, இது இல்ல. ஒரு கடைல சூனியக்காரி கவுன எடுத்து நீட்டுனாங்க, பளபளன்னு சாட்டின்ல, வேணாம்னு வந்துட்டேன்.

அப்புறம்தான் லாங் பஜார் பக்கத்து சந்துல இருக்கிற பாய் கடை. போட்டோவ பாத்ததும் "இன்னாமா, பச்சப்புள்ளைக்கு கருப்பா?"ன்னாரு. அந்த ஊர்லயும் ரொம்ப சின்னதுங்களுக்கு பல வீட்ல வெள்ளை கவுன்தான் பாய், ஓரத்துல கருப்பு ரிப்பன், இடுப்புல கருப்பு பட்டின்னு சொன்னேன், "அப்ப ரெண்டும் தச்சிடலாம்"னுட்டாரு. சாவு சீனுக்கு முழுக் கருப்பு, அடுத்த சீனுக்கு வெள்ளை. நாள் போகப் போக பெரியவங்க சாம்பல், கத்திரிப்பூ கலருக்கெல்லாம் மாறுவாங்களாம், ராணி மட்டும் 1901ல சாகுற வரைக்கும் கருப்ப விடல.

இதுல முக்கியம் துணி மின்னக்கூடாது. அந்தக் காலத்துல இதுக்குன்னே க்ரேப்னு சுருக்கம் சுருக்கமா, பொலிவே இல்லாத ஒரு பட்டுத் துணி, கோர்ட்டால்ட் கம்பெனி அத வித்தே பணக்காரங்களானாங்க. நம்மூர்ல அதுக்கு எங்க போறது? பாய் ஒரு கருப்புத் துணிய எடுத்து டியூப்லைட்டுக்கு கீழ புடிச்சாரு, ஒரு பக்கம் மினுக்குது, திருப்புனா டல்லு. உள்பக்கத்த வெளிய வச்சே தச்சிட்டாரு! இத நான் சொல்லவே இல்ல, இதுக்கே அவருக்கு அஞ்சும் குடுக்கலாம். காஜா, கழுத்துப் பட்டி எல்லாம் நீட்டா இருந்துச்சு, கூலி ஒண்ணுக்கு 450.

இப்ப அந்த 1 மார்க். வியாழக்கிழமை தரேன்னவரு சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு குடுத்தாரு. லண்டன் ரீஜண்ட் தெருவுல துக்கத் துணிக்குன்னே 1841ல ஜேஸ்னு ஒரு கடை தொறந்தாங்க, சாவு விழுந்த வீட்டுக்கு துணியோட தையக்காரிய ரயில்ல ஏத்தி அனுப்புவாங்களாம், நம்ம பாய் போன கூட எடுக்கல. அடுத்தது, ரிகர்சல்ல புள்ளைக்கு வேர்த்து (வெயிலூர்ல வேற என்ன ஆகும்) கருப்பு ரிப்பன் சாயம் எறங்கி வெள்ளை கவுன் இடுப்பு பூரா திட்டுதிட்டா ஆயிடுச்சு. அசல் க்ரேப்பும் மழைல நனைஞ்சா சாயம் விட்டு கறையாகுமாம், அந்த அளவுக்கு ஒரிஜினலா நான் கேக்கல பாய்! எடுத்துட்டுப் போனதும் "ரிப்பன தண்ணில போட்டு அலசிட்டு தச்சிருக்கணும், என் தப்புதாம்மா"ன்னு ஒத்துக்கிட்டு, வேற ரிப்பன் மாத்தி, கறை மேலயே பட்டிய அகலமா வச்சு மறைச்சிக் குடுத்தாரு, காசு வாங்கல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு கடை மூடியிருக்கும். சந்துல வண்டி நுழையாது, கோட்டைப் பக்கம் விட்டுட்டு நடந்துடுங்க. அவரு சொல்ற தேதிக்கு மூணு நாள் கூட்டியே கணக்கு வச்சுக்கோங்க.