திருக்கடையூரில் விசேஷச் சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்: அந்த உரிமம் எந்தச் சமையற்கூடத்துக்கு?

திருக்கடையூரில் மணிவிழாவோ சதாபிஷேகமோ நடத்த வெளியூர்களிலிருந்து வருகிற குடும்பங்கள், காலைப் பலகாரம் முதல் கட்டுச்சாதம் வரை எல்லாவற்றையும் ஓர் உணவகத்திடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அப்படி ஒப்படைப்பவர்கள், உணவகத்தின் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிற உணவுப் பாதுகாப்பு உரிமம் நமக்குச் சமைக்கப்போகிற இடத்துக்கு வழங்கப்பட்டதுதானா என்பதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் அத்தானின் மணிவிழாவுக்கு மயிலாடுதுறைப் பக்கம் உள்ள ஓர் உணவகத்தாரிடம் சாப்பாடு சொல்லியிருந்தோம். உரிமம் சுவரில் இருந்தது. பக்கத்திலேயே சுகாதாரத் தரமதிப்பீட்டுச் சான்றும் சிரித்த முகப் படங்களுடன் ஒட்டப்பட்டிருந்தது. பந்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அசோகா அல்வாவைப் பலர் மறுமுறை கேட்டு வாங்கினார்கள். வழியில் சாப்பிடுவதற்கென்று பொட்டலம் கட்டிக்கொடுத்த தேங்காய்ச்சாதமும் தயிர்சாதமும்தான் எங்களைக் கெடுத்தன. கும்பகோணம் தாண்டியதும் பேருந்தில் பொட்டலங்களைப் பிரித்தோம். திருச்சியை நெருங்குவதற்குள் குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பலர் வாந்தியெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றிரவு குளுக்கோஸ் ஏற்றுகிற நிலைக்குச் சிலர் வந்தார்கள். பொட்டலத்தைத் தொடாதவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதில்: "வெயில்ல அவ்வளவு தூரம் பஸ்ல போனா வாந்தி வரத்தாங்க செய்யும். எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு, ரேட்டிங் இருக்கு, வேணும்னா செக் பண்ணிக்குங்க."

அவர் சொன்னபடியே சரிபார்த்தோம். உரிமத்தில் உள்ள 14 இலக்க எண்ணை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற உரிம இணையதளத்தில் இட்டால், யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு, எந்த வகைத் தொழிலுக்கு, எந்தத் தேதிவரை அந்த உரிமம் செல்லும் என்பது தெரிந்துவிடும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறுவணிகர்களுக்கான பதிவுச் சான்று. இவர்களுடைய எண் உண்மையானது, காலாவதியும் ஆகவில்லை. ஆனால் அதில் இருந்த முகவரி உணவகத்தின் முகவரி. தொழில் வகை உணவகம் மட்டுமே, விசேஷங்களுக்குச் சமைத்து அனுப்பும் கேட்டரிங் அதில் இல்லை. எங்கள் சாப்பாடோ பூம்புகார் சாலையில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையில் சமைக்கப்பட்டு லோடு ஆட்டோவில் வந்திருக்கிறது. பொட்டலத்துக்கான சோற்றை முந்தைய இரவே வடித்துத் தாம்பாளங்களில் கொட்டி ஆறவைத்துவிடுவார்கள் என்பதைப் பரிமாற வந்த பையனே எங்கள் வீட்டுப் பெண்களிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான்.

இங்கே சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கறியும் முட்டையும்தான் ஆபத்து, சைவச் சாப்பாட்டில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கக்கூடும். அவை கொதிநீரிலும் முழுவதும் அழிவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் அறைச்சூட்டில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை வெளியிடுகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும், தாளித்துக் கிளறினாலும் போகாது. சாப்பிட்ட சுமார் 1 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும் என்பது இதன் வழக்கம். எங்களுக்கு நேர்ந்தது இதுவேதான் என்று ஆய்வகச் சான்று இல்லாமல் நான் சொல்ல முடியாது. பொருந்திவருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆய்வகச் சான்று ஏன் இல்லை என்றால், சட்டம் அப்படி அமைந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அப்படிச் செய்யப்போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். கட்டுச்சாதத்தைக் கையில் வாங்கும்போது எந்த வீட்டில் இப்படிச் சொல்வார்கள் என்று தெரியவில்லை. தஞ்சாவூரிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருந்தும் மிச்சமிருந்த எங்கள் பொட்டலம் அங்கே போகவில்லை.

அதன்பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பி அந்த உணவகத்தின் ஆய்வு அறிக்கைகளைக் கேட்டு வாங்கினோம். ஊழியர்களின் ஆண்டு மருத்துவச் சான்று இல்லை, குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லை என்று முன்பு ஒருமுறை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 32-இன்கீழ், குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் முன்னேற்ற அறிவிப்பு கொடுத்திருக்கிறார்கள். மறு ஆய்வில் இரண்டும் சரிசெய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அறிக்கையில் பொய் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது உணவகத்துச் சமையலறையைப் பற்றியது, அவ்வளவுதான். கொட்டகையை எந்த அலுவலரும் பார்த்ததில்லை, ஏனென்றால் துறையின் ஏடுகளில் அப்படி ஓர் இடமே கிடையாது. சமைக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வேண்டும் என்ற விதியை மீறினால், விதியை மீறிய இடம் ஆய்விலிருந்தும் தப்பிவிடுகிறது. ஒரு கடையின் நல்ல பதிவை இன்னொரு அடுப்புக்குப் போர்வையாகப் போர்த்தி எங்களிடம் பணம் வாங்கியதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். சிரித்த முகச் சான்றும் கடைக்கு உரியதே, அதிலும் செல்லுபடித் தேதி முடிந்திருந்தது.

எங்கள் புகாரின்பேரில் அலுவலர்கள் கொட்டகைக்குப் போய் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்ததற்குப் பிரிவு 56 விதிக்கும் 1 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. பிரிவு 65-இல் இழப்பீட்டுக்கு இடமுண்டு என்றாலும், அந்த உணவால்தான் உடல் கெட்டது என்பதை நிலைநாட்ட வேண்டும். ஆகவே மருத்துவமனைச் சீட்டுகளையும் பணம் செலுத்திய சான்றுகளையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறோம். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அங்கே போக வேண்டும்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே சாப்பாடு சொல்லிக்கொண்டிருப்பவர்கள், எங்கே சமைக்கிறீர்கள் என்று கேட்டு அந்த இடத்தை நேரில் பாருங்கள், அந்த முகவரிக்கான உரிம எண்ணை எழுதி வாங்குங்கள். வெறும் கொட்டேஷன் தாளில் கையெழுத்திட்டு முன்பணம் வாங்கினால் ஒத்துக்கொள்ளாமல் பில் கேளுங்கள்; 2022 ஜனவரி 1 முதல் உணவகங்களின் பில்லில் அந்த 14 இலக்க எண் இருந்தாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில் அது இல்லை. கட்டுச்சாதத்துக்கான சோற்றை அன்று காலையில்தான் வடிக்க வேண்டும் என்பதையும் நீங்கள் வாங்கும் பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் விசேஷத்துக்கு முன்பே தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் புகார் அனுப்பலாம்.